நாற்பத்தெட்டு ஊசியும் எண்பத்து நான்கு மாத்திரையும்

2005-ஆம் ஆண்டில் வாலாஜாபாத்தில் எங்கள் தெருவில் ஃப்ரிட்ஜ் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சித்தப்பா வீட்டில் கிடையாது. அது பட்டுத்தறி ஓடிய வீடு. கூடத்தில் தறியும் பாவும் போக மிச்சமிருந்த இடத்தில்தான் சமையலும் படுக்கையும் நடக்கும். அந்த வீட்டு மனிதரிடம்தான், வாரம் ஒன்று வீதம் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசிமருந்தைக் கொடுத்து, இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும், உறையவும் கூடாது, சூடு படவும் கூடாது என்று சென்னையில் சொல்லி அனுப்பினார்கள். தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம் வழியாக வரும் பஸ்ஸில் தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார் சித்தப்பா. நேரே, ஃப்ரிட்ஜ் இருந்த டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"டீச்சரம்மா, ஒரு மருந்து இருக்குது. முட்டை வெக்கிற எடத்துல ஓரமா இருக்கட்டும்."

"என்னா மருந்துப்பா?"

"சக்கரைக்குங்க."

இன்சுலினையும் ஃப்ரிட்ஜில்தான் வைப்பார்கள் என்பதால் அந்தப் பொய் கொஞ்ச நாள் நின்றது. பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் போர்வைக்குள் நடுங்கிக் கிடந்ததும், தலைமுடி கொட்டியதும், வேட்டி இடுப்பில் நிற்காமல் இறங்கியதும் அந்தப் பொய்யை உடைத்துவிட்டன. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர் இப்படி ஆகமாட்டார் என்று தெருவுக்குத் தெரியும். அப்புறம் தெருவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. அது எய்ட்ஸ் என்ற வார்த்தை. சித்தி அந்த வருடம் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை.

சித்தப்பாவுக்கு இருந்தது ஹெபடைடிஸ் சி. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போன இடத்தில் ரத்தம் பார்த்தார்கள். மறுநாள் காலை ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, ஆபரேஷனை வேறு எங்கேயாவது வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். சீட்டில் இருந்த வார்த்தைக்கு அங்கே யாரும் பொருள் சொல்லவில்லை. "சி-ன்னா என்னங்க, மூணாவது கட்டமா?" என்று அவர் கேட்டதாகச் சித்தி சொல்வாள். ஏ முதல் கட்டம், பி நடுக்கட்டம், சி முற்றிப்போனது என்று எங்கள் வீட்டில் எல்லோருமே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் அப்படி நினைத்து இரவெல்லாம் தூங்காமல் கிடப்பவர்களை எனக்குத் தெரியும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏ, பி, சி, டி, ஈ என்பவை ஐந்து வெவ்வேறு வைரஸ்களின் பெயர்கள். ஏ-யும் ஈ-யும் கெட்ட தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருபவை. நம் ஊர்களில் குழாய்த் தண்ணீரோடு சாக்கடை கலக்கும்போது நாலு வீட்டில் சேர்ந்தாற்போல் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் இவற்றால்தான். பி-யும் சி-யும் ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. ஒன்று முற்றி இன்னொன்றாக மாறுவது கிடையாது.

அவருக்கு அது வந்த வழியை ஓரளவு ஊகிக்க முடிந்தது. 1993-இல் காஞ்சிபுரம் சாலையில் சைக்கிளில் போனவரை லாரி தட்டித் தொடை எலும்பு முறிந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் கொடுத்தவர் யாரென்று தெரியாது. தாத்தா அதற்குக் காசு கொடுத்தார் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் ரத்தம் விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல்தான் அது நின்றது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. சித்தப்பாவுக்கு ரத்தம் ஏற்றியபோது அதில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய கட்டாயமே நாட்டில் இல்லை.

அந்த வைரஸுக்கு ஒழுங்கான பெயர் கிடைத்தே அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. 1970-களில் அமெரிக்காவில் ஹார்வி ஆல்டர் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்துவந்தார். ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, ஆனாலும் கல்லீரல் வீங்குகிறது என்று கண்டார். பல வருடம் அந்த நோயை மருத்துவர்கள் 'ஏ-யும் அல்லாத, பி-யும் அல்லாத' என்றே எழுதிவந்தார்கள். 1989-இல் மைக்கேல் ஹவுட்டனின் குழு வைரஸைப் பிடித்தது. அந்த வைரஸ் தனியாகவே நோயை உண்டாக்கும் என்பதை 1997-இல் சார்லஸ் ரைஸ் நிலைநாட்டினார். மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் தானமாக வரும் ஒவ்வொரு ரத்தப் பைக்கும் ஹெபடைடிஸ் சி சோதனை கட்டாயமானது 2001-இல். எச்.ஐ.வி-யை இந்தியாவில் முதலில் கண்டுபிடித்தது நம் சென்னையில், 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும். அதற்குப் பிறகு நாடே எய்ட்ஸ் என்று பேசியது. சி-யைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாத அந்த வருடங்களில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், பிரசவத்தில் ரத்தம் போய் உயிர் பிழைத்த பெண்களும், தலசீமியாக் குழந்தைகளும் அதை உடம்பில் வாங்கிக்கொண்டார்கள்.

அது உள்ளே வந்தால் பெரும்பாலும் காமாலைகூட வராது. கண் மஞ்சளாகாது. பசி போகாது. சோர்வாக இருந்தால் வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்வோம். வைரஸ் உடம்பிலேயே தங்கிவிட்டவர்களில், இருபது வருடத்துக்குள் நூற்றில் பதினைந்திலிருந்து முப்பது பேருக்குக் கல்லீரல் சுருங்கி இறுகிவிடுகிறது. சிலருக்கு அங்கிருந்து புற்றுநோய்வரை போகிறது. 1993-க்கும் 2005-க்கும் நடுவில் பன்னிரண்டு வருடம் சித்தப்பா நாடா ஓட்டிக்கொண்டிருந்தார், ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

சீட்டு கைக்கு வந்தபிறகு வீடு இரண்டு வேலைகளில் இறங்கியது. ஒன்று பாத்திரம் பிரிப்பது. அவர் தட்டு, அவர் டம்ளர், அவர் துண்டு தனி. சித்தி அதை அன்போடுதான் செய்தாள், குழந்தைகளுக்காக. சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இருமுவதாலோ இது ஒட்டாது என்று சொல்ல அப்போது ஆள் இல்லை. இரண்டாவது பத்தியம். உப்பு இல்லாத மோர்ச்சோறு, கீழாநெல்லி அரைத்த உருண்டை. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காமாலைக்கு மந்திரிப்பவரிடம் கூட்டிப்போய் மணிக்கட்டில் சூடும் போட்டார்கள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கீழாநெல்லியைப் பழித்துப் பேச எனக்கு மனமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் அதை ஆராய்ந்திருக்கிறார். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பரூச் பிளம்பர்க்கும் அவரும் மற்றவர்களும் சேர்ந்து 1988-இல் 'லான்செட்' இதழில் கட்டுரை எழுதினார்கள். நல்ல பலன் தெரிந்ததாக அதில் இருந்தது. பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் அப்படிக் கிடைக்கவில்லை. எப்படியானாலும் அந்த ஆய்வு பி வைரஸைப் பற்றியது. சி வைரஸை உடம்பிலிருந்து விரட்டியதாகக் காட்டப்பட்ட மூலிகை எதுவும் இல்லை. சித்தப்பா எட்டு மாதம் கீழாநெல்லி சாப்பிட்டார். எட்டு மாதமும் வைரஸ் தன் வேலையைப் பார்த்தது.

பிறகுதான் சென்னை, பெரிய ஆஸ்பத்திரி, இன்டர்ஃபெரான் ஊசி.

அன்றைக்கு அந்தச் சிகிச்சைக்குத் தயாராவதே ஒரு சிகிச்சைபோல இருந்தது. வைரஸின் ரகம் பார்க்க வேண்டும். மூன்றாம் ரகமென்றால் இருபத்து நான்கு வாரம், முதல் ரகமென்றால் நாற்பத்தெட்டு வாரம். அவருக்கு முதல் ரகம். கல்லீரலில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு பார்த்தார்கள், கண் பார்த்தார்கள். வாரந்தோறும் ஊசி, அதோடு தினமும் ரிபாவிரின் மாத்திரை. அந்த மாத்திரை ரத்தத்தைக் குறைத்துவிடும், ஆகவே அடிக்கடி ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். ஊசி மனத்தைக் குலைத்துவிடும், ஆகவே மனநல மருத்துவரிடமும் அனுப்பினார்கள். "இவர் தனியா ஒக்காந்து அழுதாலோ, சாவைப் பத்திப் பேசுனாலோ ஒடனே கூட்டிட்டு வாங்கம்மா" என்று சித்தியிடம் சொன்னார் மருத்துவர். இத்தனைக்கும் முதல் ரகக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது பலித்தது. செலவு பல லட்சம். காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை நெய்கிறவர்களின் கூலியை அறிந்தவர்களுக்கு நான் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருந்த அரை ஏக்கர் போனது.

சனிக்கிழமை ராத்திரி ஊசி. கம்பவுண்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து வயிற்றில் போட்டுவிட்டுப் போவார். ஞாயிறு முழுக்க ஜுரம். திங்கள் எழுந்து உட்காருவார். செவ்வாய் தறியில் கால் வைப்பார். கோர்வைச் சேலைக்குக் கரை நாடாவை ஓட்ட இன்னொரு ஆள் வேண்டும். அதற்கு இருந்த பையனும், இவருடைய எரிச்சல் தாங்காமல் ஐயம்பேட்டையில் வேறு தறிக்குப் போய்விட்டான். சித்தப்பா வாழ்நாளில் யாரையும் அதட்டிப் பேசாதவர். அந்த வருடம் சாப்பாட்டுத் தட்டை வீசியிருக்கிறார். மருந்துதான் அப்படிச் செய்கிறது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தும், அவரிடம் பேசப் பயந்து ஒதுங்கினோம். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாற்பத்தெட்டாவது ஊசி முடிந்தபோது வைரஸ் இல்லை என்றது ரிப்போர்ட். சித்தி மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது திரும்பி வந்திருந்தது.

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒன்பது வருடம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த வருடங்களில்தான் உலகத்தில் எல்லாம் மாறியது. 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வைரஸ் தன்னைத்தானே படியெடுத்துப் பெருகுகிறதே, அந்தப் படியெடுக்கும் வேலைக்குள் புகுந்து நிறுத்துகிற மருந்து இது. இன்டர்ஃபெரான் உடம்பைக் கிளப்பிவிட்டு வைரஸோடு சண்டை போடச் சொன்னது. அதனால்தான் அத்தனை ஜுரமும் நடுக்கமும். புது மாத்திரைக்கு உடம்போடு சண்டை இல்லை. ஆனால் விலை? ஒரு மாத்திரை ஆயிரம் டாலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். அமெரிக்காவிலேயே காப்பீட்டு நிறுவனங்கள் கையைப் பிசைந்தன. 2014 செப்டம்பரில் அதைத் தயாரித்த கிலியட் நிறுவனம் ஏழு இந்திய மருந்து நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. அடுத்த வருடமே இந்தியத் தயாரிப்புகள் கடைக்கு வந்தன. டாக்லாடாஸ்விர் என்ற துணை மாத்திரையும் சேர்ந்தது. விலை விழுந்தது, போட்டியில் மேலும் விழுந்தது.

2016-இல் சித்தப்பா அந்த மாத்திரைகளைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டார். அதற்குள் கல்லீரல் இறுகிவிட்டிருந்ததால் அவருக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். காலையில் இரண்டு மாத்திரை, அவ்வளவுதான். முதல் வாரம் முழுக்க ஜுரம் வரும் வரும் என்று போர்வையைப் பக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டே இருந்தார். வரவில்லை. "வேலை செய்யற மருந்துதானா இது?" என்று மருத்துவரிடம் கேட்டார். வேலை செய்தது.

பஞ்சாப் அரசு 2016-இல் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இந்த மாத்திரைகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஜூலை 28 என்பது பிளம்பர்க் பிறந்த நாள். உலக ஹெபடைடிஸ் நாளாக அதைத்தான் வைத்திருக்கிறார்கள். சோதனையும் மருந்தும் இலவசம் என்று திட்டம் சொல்கிறது. அரை ஏக்கரை விற்ற குடும்பத்தில் பிறந்தவன் நான். இந்த ஒரு வரியின் கனம் எனக்குத் தெரியும்.

இனி இன்றைய கதை. எங்கள் பக்கத்துத் தெருப் பையன், வயது இருபத்தேழு, ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. சித்தப்பா ஐஸ் பெட்டியோடு வந்த அதே சாலையில்தான் கம்பெனி பஸ் தினமும் அவனை ஏற்றிக்கொண்டு போகிறது. 2023-இல் கம்பெனியில் ரத்ததான முகாம் நடந்தது. கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் ஜூஸும் சாப்பிட்டுவிட்டு வந்தான். சில வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. ஒரு முறை நேரில் வாருங்கள், இனி ரத்தம் கொடுக்க வேண்டாம் என்றார்கள். போனபோது ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் என்ற சீட்டைக் கையில் கொடுத்தார்கள்.

மருந்து இலவசம். பன்னிரண்டு வாரம். நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள். இத்தனையும் போனைத் திறந்தால் தெரிந்துகொள்ளக்கூடிய காலம். அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சீட்டை ஹெல்மெட் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தான். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வேண்டாம் என்று காரணம் சொல்லாமல் சண்டை போட்டான். எங்கிருந்து வந்தது என்று தன்னையே தோண்டிக்கொண்டிருந்தான். திருவிழாவில் கையில் குத்திக்கொண்ட பச்சையா? சின்ன வயதில் ஊசி போட்ட இடமா? சவரக் கடையா? சாப்பிடும்போது தட்டை அவனே தனியாக எடுத்து வைத்துக்கொண்டான். 2005-இல் சித்தி செய்ததை இவன் தனக்குத்தானே செய்துகொண்டான்.

நான் சொல்ல வருவது இதைத்தான். அன்றைக்குக் கொடுமை முழுக்கச் சிகிச்சையில் இருந்தது. இன்றைக்குக் கொடுமை முழுக்க முதல் சீட்டுக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவில் இருக்கும் வாரங்களில் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் தொலைந்துபோகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 55 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் எத்தனை சீட்டுகள் ஹெல்மெட் பெட்டியில் கிடக்கின்றனவோ.

அவன் கடைசியில் சித்தப்பாவிடம்தான் வந்தான். அவருடைய பழைய கதை ஊருக்கே தெரிந்திருந்தது, அந்த அவமானம் அன்றைக்கு உதவியது. "மாமா, ஒங்களுக்கு இருந்ததுதான் எனக்கும்" என்று வாசலில் நின்றே சொன்னான். சித்தப்பா அவனை உள்ளே கூப்பிட்டு, தன் தட்டிலேயே இட்லியை வைத்துச் சாப்பிடச் சொன்னார். பிறகு கேட்டார், "ரெண்டாவது டெஸ்ட் எடுத்தியாடா?"

எடுக்கவில்லை. இதைப் பலர் எடுப்பதில்லை. முதல் சோதனை காட்டுவது ஆன்டிபாடியை. வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்துபோனதன் தடயம் அது. வைரஸ் வந்தவர்களில் நூற்றில் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து பேருக்கு, மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் அது தானாகப் போய்விடுகிறது. அவர்களுக்கும் முதல் சோதனை பாசிட்டிவ் என்றே வரும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை வைரல் லோடு சோதனைதான் சொல்லும். அதை எடுக்காமல் நான்கு மாதம் அழுதவன், தேவையே இல்லாமல் அழுதிருக்கவும் கூடும். இவன் விஷயத்தில் வைரஸ் இருந்தது.

சித்தப்பா அவனோடு அரசு மருத்துவமனைக்குப் போனார். இன்றைய தயாரிப்பு எப்படி இருக்கிறது என்று அவர் வந்து சொன்னதைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. கல்லீரலில் ஊசி விட்டுச் சதை எடுப்பதில்லை. வயது, இரண்டு கல்லீரல் என்சைம்கள், பிளேட்லெட் எண்ணிக்கை, இவற்றை வைத்துக் கணக்குப் போட்டே கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். கூடவே ஹெபடைடிஸ் பி-யும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இது முக்கியம், ஏனென்றால் சி-யை விரட்டும்போது பதுங்கியிருக்கும் பி தலைதூக்கும். சிறுநீரகம் பார்க்கிறார்கள். முன்பு டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குச் சி வந்தால் மருந்து கொடுக்கவே தயங்குவார்கள். இப்போது அவர்களுக்கும் இந்த மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். இறுகிய கல்லீரல் என்றால் டாக்லாடாஸ்விருக்குப் பதிலாக வெல்படாஸ்விர், அல்லது கூடுதல் வாரங்கள். பையனின் கல்லீரல் நன்றாக இருந்தது.

மருத்துவர் இன்னொன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம்: வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய்? இதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவை இந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். இதயத் துடிப்புக்கான அமியோடரோன் சாப்பிடுபவருக்குச் சோஃபோஸ்புவிர் ஆபத்தாகவே முடியலாம். வெல்படாஸ்விர் சாப்பிடுபவர்கள் நெஞ்செரிச்சல் மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது. லேகியம், சூரணம், மெடிக்கலில் கேட்டு வாங்கியது என்று எதையும் மறைக்காமல், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவதுதான் நல்லது. குடிப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். குடி வைரஸுக்கு உதவி செய்கிறது. ஆனால் குடிக்கிறவன் என்பதற்காக யாருக்கும் மருந்தை மறுக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் பிரசவம் முடிந்தபிறகே தொடங்குகிறார்கள். வைரஸ் இருந்தாலும் தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.

பத்தியம்? எதுவும் இல்லை. முட்டை, பருப்பு, மீன் எல்லாம் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குத்தான் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். சித்தப்பாவை உப்பில்லாத மோர்ச்சோற்றில் வைத்து நாங்கள் செய்ததெல்லாம், அவர் உடம்பில் இருந்த கொஞ்சம் சதையையும் கரைத்ததுதான்.

இருபத்தெட்டு நாளுக்கு ஒரு புட்டி, மூன்று புட்டி, எண்பத்து நான்கு நாள். ஒரு வேளையையும் விடக் கூடாது. பையன் ஷிப்டு வேலைக்காரன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எந்த நேரம் வைத்துக்கொள்வது என்று அதற்கே ஒரு நாள் யோசித்தார்கள். எந்த ஷிப்டானாலும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கையில் போன் இருக்கும் என்று ஆறு மணிக்கு அலாரம் வைத்தார்கள். போதாததற்குச் சித்தப்பாவும் ஆறு மணிக்குப் போன் செய்வார். "போட்டியா?" "போட்டேன் மாமா." அவ்வளவுதான் பேச்சு. கொஞ்சம் தலைவலி, இரண்டு நாள் களைப்பு, அதற்கு மேல் எதுவும் இல்லை. யாரும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. ஃப்ரிட்ஜும் தேவைப்படவில்லை.

மாத்திரை முடிந்ததும் குணம் என்று சொல்லிவிடுவதில்லை. பன்னிரண்டு வாரம் காத்திருந்து மறுபடி வைரல் லோடு பார்க்கிறார்கள். அப்போது இல்லையென்றால் குணம். சித்தப்பாவுக்கு இந்தக் காத்திருப்புதான் பழைய பயத்தைக் கிளறியது. அவரை ஏமாற்றியதும் இதே காத்திருப்புதானே. பையனைவிட அவர்தான் தூங்கவில்லை. ரிப்போர்ட்டில் வைரஸ் இல்லை என்று வந்தது.

அதோடு தொல்லை தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆன்டிபாடி குணமான பிறகும் உடம்பிலேயே இருக்கும். எந்தக் கம்பெனி மெடிக்கலிலும், எந்த ஆபரேஷனுக்கு முன்பும் முதல் சோதனை மறுபடி பாசிட்டிவ் என்றே காட்டும். அதைப் பார்த்து வேலையை மறுப்பவர்களும் ஆபரேஷனைத் தள்ளுபவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே வைரல் லோடு ரிப்போர்ட்டை லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் சித்தப்பா. அவரும் அப்படித்தான் வைத்திருக்கிறார். இன்னொன்று, குணமானவருக்கு மறுபடி புதிதாகத் தொற்றவும் வாய்ப்பு உண்டு. தடுப்பூசி இதற்கு இன்னும் வரவில்லை.

தொற்றும் வழிகள் எவ்வளவு அடைபட்டிருக்கின்றன? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் ஊசிக்காரர் கண்ணாடிச் சிரிஞ்சை ஒரு தகரப் பெட்டியில் போட்டு ஸ்டவ்வில் கொதிக்க வைப்பார். கூட்டம் அதிகமான நாட்களில் அது எத்தனை நிமிடம் கொதித்தது என்று யார் பார்த்தார்கள்? இப்படிக் கண்ணாடிச் சிரிஞ்சை மாற்றாமல் குத்தியதால் ஒரு நாடே நோயாளியானது. எகிப்தில் 1960-களிலிருந்து 80-கள்வரை, நத்தையால் பரவும் புழுநோயை ஒழிக்க அரசாங்கமே ஊர் ஊராக ஊசி போட்டது. புழுவோடு போராடிய அந்த ஊசி ஹெபடைடிஸ் சி-யை லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துவிட்டது. அதே எகிப்து 2018-இல் கிளம்பி, சில மாதங்களில் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேரைச் சோதித்தது. கண்டவர்களுக்கு மருந்து கொடுத்தது. 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் அந்த நாட்டைப் பாராட்டித் தங்க நிலைச் சான்று வழங்கியது. ரத்தம் எடுத்த இடத்திலேயே முடிவு, முடிவு சொன்ன இடத்திலேயே அடுத்த சோதனைக்குச் சீட்டு என்று அந்த இடைவெளியை அவர்கள் குறுக்கினார்கள். நம்மால் முடியாத காரியம் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-இலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. அந்தச் செவிலியர் கையில் ஒரு சொட்டு ரத்தத்தில் சி-யைப் பார்க்கும் சோதனையும் இருந்தால் எத்தனையோ ஹெல்மெட் பெட்டிகள் திறக்கும்.

இப்போது தடுப்பூசிக்கு, ஒரு முறை குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு வந்துவிட்டது. சவரக் கடையில் பிளேடு மாற்றுகிறார்களா என்று நாமே பார்க்கிறோம். ஆனால் 'ஊசி போட்டாத்தான் ஜுரம் எறங்கும்' என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது. மாத்திரையில் தீரும் காய்ச்சலுக்கு ஊசி கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை நான் பெரிய ஆபத்தாகவே நினைக்கிறேன். திருவிழாக் கடையில் பச்சை குத்திக்கொள்வதும் அப்படித்தான்.

பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண்ணிடம் அவனே சொல்லிவிட்டான், ரிப்போர்ட்டையும் காட்டினான். சித்தப்பாவின் கல்லீரலில் ஏற்பட்ட இறுக்கம் முழுதாகத் திரும்பவில்லை. வைரஸ் போனாலும் இறுகிய கல்லீரலில் புற்றுநோய் வரக்கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார். பத்து வருடம் முன்னால் மருந்து வந்திருந்தால், அல்லது 1993-இல் அந்த ரத்தப் பையைச் சோதித்திருந்தால், அந்த ஸ்கேனும் தேவைப்பட்டிருக்காது.

2001-க்கு முன்னால் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் உங்கள் வீட்டில் இருப்பார்கள். பிரசவத்தில் ரத்தம் போன அம்மா, விபத்தில் பிழைத்த அப்பா, டயாலிசிஸ் செய்துகொள்ளும் மாமா, எங்கோ பச்சை குத்திக்கொண்ட தம்பி. ஒருமுறை ஹெபடைடிஸ் சி பார்த்துவிடுங்கள். பாசிட்டிவ் என்று வந்தால் அதே வாரத்தில் இரண்டாவது சோதனையை எடுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை மையம் எங்கே என்று மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள், அல்லது 104-க்குப் போன் செய்யுங்கள்.